சட்டைப்பையில் இருந்த மூலிகை மருந்து

என் கணவர் சின்னமனூரில் திராட்சை விவசாயம் செய்கிறார். போன மாதம் தேனியில் அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். ஒரு மணி நேரமாகியும் ரத்தம் நிற்கவில்லை. வைத்த பஞ்செல்லாம் நனைந்து, சட்டையிலும் வழிந்தது.

"ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற இதய மாத்திரை போக வேற என்ன சாப்பிடுறாக?" என்று பல் டாக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"வேற ஒண்ணுமில்லையே" என்றேன்.

என் கணவர் தலைகுனிந்தபடி சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். புராஸ்டேட் வீக்கத்துக்காக ஆன்லைனில் வாங்கிய மூலிகை மருந்து. சிறுநீர் பிரியாமல் அவர் தவித்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இதய மாத்திரையும் இதுவும் சேர்ந்தா சிலருக்கு ரத்தம் லேசுல நிக்காதும்மா" என்றார் டாக்டர். தையல் போட்ட பிறகே நின்றது.

"மூலிகைதானேன்னு சொல்லல" என்றார் இவர்.

இப்போது புராஸ்டேட்டுக்கும் டாக்டரிடம் காட்டுகிறோம். எங்கே போனாலும், கஷாயப் பொடி உட்பட அத்தனையையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.