நாற்காலி இல்லை, அரிசிப் பெட்டி

1. திரும்பி வந்த சரக்கு

நான் முதன்முதலாகத் தனியாகச் செய்த நாற்காலி, மூன்றாம் நாளே பஸ் கூரையில் ஏறி, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் திரும்பி வந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ். நாற்காலி மேல் ஒரு விரற்கடை புழுதி. எங்கள் பட்டறை வாசலில் அதை இறக்கிவிட்டு கண்டக்டர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடா கோவிந்தா, உன் நாற்காலி ஊர் சுத்திக்கினு வருது? காலு ஆடுதா?"

"ஆடாதுங்க. ஆடினா நான் தொழிலையே உட்டுடறேன்."

"அப்ப நேர்ல போய் இன்னா குத்தம்னு கேட்டுக்கினு வா. சரிபண்ணலேன்னா மறுபடியும் உனக்கு உப்புத்தாள்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து வருஷம் உப்புத்தாள் தேய்த்த பிறகுதான் அவர் என் கையில் அளவுகோலைக் கொடுத்திருந்தார். மெட்ராஸ் கேட்டலாக்கைப் பார்த்து, கையும் முதுகும் வளைவு வளைவாக இழைத்த நாற்காலி அது. அதில் குற்றம் சொல்ல ஆள் பிறக்கவில்லை என்று அப்போது எனக்கு நினைப்பு.

2. மண்டிக்காரர் வீடு

அதற்கு ஆர்டர் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவி அலமேலுவுக்காக. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் அந்தம்மாவுக்கு வலது முட்டி மடங்காமல் போயிற்று. வீடே தரையில் உட்கார்ந்து சாப்பிடும். அலமேலு மட்டும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுவார். நாற்காலியைத் திருப்பி அனுப்பியவர் வாத்தியாரின் அப்பா. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர்.

"நாற்காலில ஒரு குத்தமும் இல்ல ஆசாரி," என்றார் அவர். "மாமனார் எதிர்ல மருமவ நாற்காலில குந்துவாளா? எங்க வூட்ல அந்தப் பழக்கம் கெடையாது. அவ நின்னுக்கினு துன்றதப் பாத்தா எனக்கும் சோறு எறங்கல. அதுக்காவ இன்னா பண்றது?"

பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே அலமேலு ஒரு பழைய பேக்கிங் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பெட்டி கிறீச்சிட்டது, விளிம்பு வேறு தொடையை அறுத்திருக்கும், நிமிஷத்துக்கு ஒருதரம் நெளிந்தார். மாமனார் எதிரிலேயே நின்று, "எத்தினி படி ஆச்சும்மா?" என்று கேட்டார். கோபமே இல்லை.

எனக்குச் சட்டென்று விளங்கியது. மருமகள் உட்காருவது மாமனாருக்குத் தொந்தரவே இல்லை. கையும் முதுகும் இருந்தால் அது நாற்காலி. இல்லாவிட்டால் வெறும் சாமான். கதவை அளப்பதுபோல் பாவனை செய்து பெட்டியின் உயரத்தை அளந்துகொண்டேன். இன்னும் நாலு விரற்கடை உயர்ந்தால் அந்தக் காலுக்குச் சரியாக இருக்கும்.

3. பெட்டி

பட்டறைக்கு வந்து என் அருமை நாற்காலியை நானே பிரித்துப் போட்டேன். அந்த மரத்தோடு துண்டுப் பலகைகளையும் சேர்த்து ஓர் அரிசிப் பெட்டி செய்தேன். யுத்தத்தில் கீல் கிடைக்கவில்லை, மூடி மர ஆணியில் திரும்பும். மூடியின் நடுவில் கொஞ்சமாகக் குழி இழைத்தேன். அடியில் ஒரு பலகை. இழுத்தால் வெளியே வரும், மடங்காத காலை அதன்மேல் நீட்டலாம். பின்பக்கம் தட்டு செருக என்று ஒரு பலகை வைத்தேன். சாய்ந்தால் அது முதுகு.

கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தேன். மண்டிக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது இன்னா?"

"அரிசிப் பொட்டிங்க."

"மூடி ஏன் குழிஞ்சிருக்குது?"

இதற்கு ஒரு பதில் தயார் செய்யாமல் வந்த என் புத்தியை என்ன சொல்ல! அவர் மூடிமேல் உட்கார்ந்தார். அடிப்பலகையை இழுத்துக் காலை நீட்டினார். பின்னால் சாய்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"ஆசாரி."

"சொல்லுங்க."

"இன்னொரு பொட்டி பண்ணு. எங்க அண்ணன் வந்தா அவர் எதிர்ல நானும் நின்னுக்கினுதான் இருக்கறேன். முட்டி உட்டுப் போவுது."

வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் தெருவுக்கு ஓடினார்.

இரண்டாவது பெட்டியை ஏற்றிக்கொண்டு போன அன்று எனக்கும் சாப்பாடு அங்கேதான். அலமேலு பெட்டிமேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டோடு சேர்ந்து சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"உள்ள ரெண்டு மரக்கா அரிசி போட்டு வச்சிருக்கறேண்ணே. மருமவ நாற்காலில குந்தமாட்டான்னு மாமா சொன்ன சொல்லு பொய்யாவக் கூடாதில்ல?"

அந்த வகைப் பெட்டி அதற்கப்புறம் விழுப்புரம் முழுக்கப் போயிற்று. எத்தனை படி பிடிக்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. இப்போது டிசைன் என்கிறார்கள், புத்தகம் புத்தகமாகப் படம் வருகிறது. பார்க்கட்டும், நல்லதுதான். நான் மட்டும் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனால், டேப்பை எடுக்குமுன் அங்கே யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.