மைக் இல்லாத சந்தை

எல்லைப் போராட்ட நாட்களில் பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரை மைக்செட் வைத்திருந்தவன் நான்தான். வாடகைக்கு விடுகிறவன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டு இசைத்தட்டுகளைச் சேர்த்து ஓட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, மைக்கை ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேரே காட்டிக் கூவவைத்து நான் உண்டாக்கிய சத்தங்களை அதற்கு முன் இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை. என்னைக் கலைஞன் என்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான்.

எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஜனங்கள் கூடத் தொடங்கியதும் போலீஸ் தடை போட்டது. பேச்சு கூடாது, கோஷம் கூடாது, மைக் கூடவே கூடாது. என் பெட்டியையும் குழாயையும் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். வார்த்தையே இல்லாத ஒன்றைச் சந்தை நடுவில் வாசிக்க வைக்கிறேன், எதைத் தடுப்பீர்கள் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

மிஷன் சபையில் பாட்டுக் குழுவுக்கு நான்கு வயலின்கள் இருந்தன. வாசிப்பவர்களில் முன்னால் நிற்பவன் என் கூட்டாளி, தையல்காரன். நான் வாயால் முனகினேன், அவர்கள் வாசித்தார்கள். ஒரு வயலின் மட்டும் மெல்ல இழையும்படி மெட்டுப் போட்டிருந்தேன். சபைக் கோயிலின் கடைசிச் சுவரோரம் போய் நின்று பார்த்தால் ஒன்றுமே கேட்கவில்லை.

"எலே, மூணாவது பெஞ்சுக்கே எட்டல்ல. ஒனக்க காது இப்பவும் குழாயில ஆக்கும் இருக்கு," என்று கூட்டாளி சிரித்தான்.

ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கலைத்தேன். நான்கும் சேர்ந்தே இழுக்க வேண்டும். ஒருவன் வில்லைத் திருப்பும்போது மற்றவன் திருப்பக் கூடாது, சத்தம் அறுபடக் கூடாது. விரல் வலிக்கிறது என்றார்கள். வலிக்கட்டும் என்றேன்.

சந்தை நாளில் பனச்சமூட்டில் நின்றோம். மரச்சீனிக் கிழங்குக்கு விலை பேசும் இரைச்சலில் முதலில் ஒருவரும் திரும்பவில்லை. பிறகு பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அவர்களுக்கு அடுத்தவர்களும் நிறுத்தினார்கள். பஸ்காரர் எஞ்சினை அணைத்தார். என் குழாய் எத்தனையோ கல்யாணத்தில் அலறியிருக்கிறது; அதற்காக ஒருவர்கூட வாயை மூடியதில்லை.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "நிர்த்தெடா!" என்று மலையாளத்தில் கத்தினார்.

கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"மிண்டாம நில்லும் ஏமானே, பாட்டு கேக்கட்டு."

சந்தை முழுக்க அவரைப் பார்த்தது. நான் தாளம் காட்டிய கையை இறக்கவில்லை. அவர் நின்றார்.

என்னைப் பிடித்துத்தான் கொண்டுபோனார்கள். வாசித்து முடித்த பிறகு.