மீன் துடிக்கும் இரண்டாம் பாகம்

என் மகனுக்குப் பத்து நாளாக வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவன் ஆடும் சண்டை கேமுக்கு அடுத்த பாகம் வரப்போகிறதாம். நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓடினால்தான் அது கேமாம். ஒன்று குறைந்தாலும் கையால் தொடமாட்டானாம். போன பாகத்தில் சட்டை காற்றில் சரியாக அசையவில்லை, ஆள் விழுந்தால் கனம் தெரியவில்லை என்று இன்னும் அதன்மேல் குறை. "தம்பி, இதையெல்லாம் உங்கப்பன் முப்பது வருசத்துக்கு முன்னாலயே கேட்டவன்" என்றேன். சிரித்தான். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். தி. நகரில் ஒன்று, அடையாறில் ஒன்று என்று இரண்டு டி.வி. கடை வைத்திருக்கிறேன். நொடிக்கு எத்தனை படம் ஓடும் என்று, வாங்க வருகிற இன்ஜினியருக்கே விளக்கிச் சொல்லி விற்பவன் நான். அந்த வாய் எனக்கு எப்போது முளைத்தது என்பதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை போட்டிருந்தார். மெஷின் இரண்டே இரண்டு. கார் ஓட்டுகிற மெஷினில் ஈ மொய்க்கும். சண்டை மெஷினில் பையன்கள் மொய்ப்பார்கள். கடை நடந்ததே அந்த ஒன்றால்தான். அதில் என்னை ஜெயிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அது. பன்னிரண்டு வயதில் நான் ஸ்டிக்கைப் பிடித்தால் ஆபீஸ் போகிறவர்கள்கூடப் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில் கேமுக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் கே.கே. நகரிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பையன், லீவுக்கு பம்பாய் போனபோது ஆடினேன் என்றான். "ஆளுங்க பெர்சா கீறாங்க. வெட்டி வெட்டி ஓடாது, வழுக்கிக்கினு போவும். அவ்ளோதான்." அவனுக்குப் புளுகத் தெரியாது. ஆனாலும் என் பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் பார்த்தேன் என்றேன். பாரிமுனையில் ஒரு கடையில் கதவைச் சாத்திக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள் என்றேன். அடிபட்டவனுக்கு வேர்வை சொட்டும். அந்த ஈரத்தில் கால் வைத்தால் மற்றவன் வழுக்கி விழுவான். சுவரில் தூக்கிப் போட்டால் காரை பெயரும். அடுத்த ரவுண்டிலும் பெயர்ந்தபடியே இருக்கும். முடி தனியாகப் பறக்கும்.

"டேய், அந்த மீன் வண்டி?" என்று ஒருவன் கேட்டான். முதல் பாகத்தில் துறைமுகத்தில் ஒரு சண்டை வரும். ஓரத்தில் ஒரு மீன் வண்டி நிற்கும். யார் மோதினாலும் அசையாது.

"அதுவா? மோதுனா கவுந்துரும்."

"மீனு?"

"கொட்டும்."

"கொட்டுன மீனு துடிக்குமா?"

ஒரு நொடி யோசித்தேன். "துடிக்கும்" என்றேன்.

கூட்டம் என்னிடம் திரும்பி வந்தது.

மாமாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெஷினுக்குள் இருந்து கேமை ஓட்டுவது ஒரு சர்க்யூட் போர்டு; ஈக்காட்டுத்தாங்கலில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவரிடம் இரண்டாம் பாகத்தின் போர்டு வந்திருக்கிறதாம். பழைய போர்டைக் கொடுத்தால் மாற்றித் தருவார். கொடுத்தது மதுரைக்குப் போய்விடும், திரும்பாது. "ஏலே மருமவனே, ஓடுற குதிரைய மாத்தப் போறேன். புதுசு ஓடலைன்னா கடை படுத்துரும். நெசமா பாத்தியா?"

மாமா தலையில் கை வைத்து, சத்தியமாகப் பார்த்தேன் என்றேன்.

பொய்ச்சத்தியம் செய்தால், கை வைத்த தலை வெடித்துவிடும் என்பது எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. மணி அடித்ததும் ஓடிவந்து முதலில் மாமாவின் தலையைத்தான் பார்ப்பேன். அத்தை ஒருநாள் அவர் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுப் போர்டை மாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியபோது சந்து கொள்ளாத கூட்டம். படம் வந்தது. ஆட்கள் பெரிதாக இருந்தார்கள். வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்போது நினைத்தாலும் அருமையான கேம். முதல் ஆட்டக்காரன் அடிக்கவே இல்லை. எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய் மீன் வண்டியில் மோதினான். அசையவில்லை. இன்னொரு தரம் மோதினான்.

"மீனு எங்கடா?" என்றான் ஒருவன். "வேர்வையும் காணோம் மச்சி" என்றான் இன்னொருவன். கடைசியில் யாரோ சொன்னார்கள்: "டூப்ளிகேட்டு!"

கே.கே. நகர்ப் பையன் மட்டும் கத்தினான். "டேய், நான் பாத்தது இதாண்டா! இதாண்டா ஒரிஜினல்!"

"போடா, நீயும் டூப்ளிகேட்டத்தான் பாத்துருப்ப" என்று அவனை ஓட்டி எடுத்துவிட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பையனும் பார்த்தான். "ஆமா மாமா, உங்கள ஏமாத்திட்டாங்க" என்றேன்.

மாமா போர்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சாட்சிக்கு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் போனார். ரிப்பேர்க்காரர் சூட்டுக்கோலால் ஒரு போர்டுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மாமா போட்ட சத்தத்தை எல்லாம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, என்ன பார்த்தாய் என்று கேட்டார். நான் வேர்வை, காரை, முடி, மீன் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நைனா, இதுக்குள்ள மீனும் கெடயாது, வண்டியும் கெடயாது. எல்லாம் படம். ஒரு படத்த எட்த்துட்டு இன்னொரு படத்த வெக்கும். சிந்துன வேர்வைய ஞாபகம் வெச்சிக்க இதுல எடம் ஏது? இந்தப் புள்ள சொல்ற கேமு இன்னும் பொறக்கவே இல்ல."

நான் மாமாவின் கையைப் பார்த்தேன். அடி எந்தக் கன்னத்தில் விழும் என்றுதான் எனக்கு யோசனை. மாமா அந்தக் கையை என் தோளில் வைத்தார். பிறகு, "எங்க அக்கா மவன் எந்தலையில கை வச்சுச் சொல்லிருக்கான். பாக்காமயா சொல்லுவான்?" என்றார். ரிப்பேர்க்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டார். மாமா போர்டைச் சாக்கில் சுற்றினார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டூப்ளிகேட் கடை என்று பேர் விழுந்துவிட்டது. பொங்கலுக்குள் மெஷின் இரண்டும் போய், அந்த இடத்தில் மாமா ஸ்டிக்கர் பொட்டும் ரிப்பனும் விற்றார். என்னைக் கோபித்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமாவையே ஏமாற்றியவன் என்று நான் ரொம்ப நாள் எனக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

அன்றைக்குத் திரும்பும்போது பனகல் பார்க் சிக்னலில் வண்டி நின்றது. மாமா திரும்பாமலே கேட்டார்.

"மருமவனே, அந்த மீனு ரொம்ப நேரமா துடிக்கும்?"

"இல்ல மாமா, கொஞ்ச நேரந்தான்."

"பெறவு?"

"அடங்கிரும்."

"ம்" என்றார். பச்சை விழுந்தது. சந்து வரும்வரை நான் அவர் தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். காற்றில் முடி பறந்ததே தவிர, தலை அப்படியே இருந்தது. அப்பாடா, மாமா நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.