கரடிக்குட்டிக்கு ஒரு சங்குப் பால்

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுச் சிறுமி அப்பா அம்மாவோடு மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்விட்டு வந்தாள். வந்தவள் மாடி ஏறாமல் நேரே என் கட்டிலுக்கு ஓடிவந்தாள். அங்கே ஒரு மூலையில் முயலும் ஆட்டுக்குட்டியும் விட்டு வைத்து, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார்களாம். "டீச்சர், மோந்து பாருங்க" என்று இரண்டு உள்ளங்கைகளையும் என் மூக்கில் வைத்து அழுத்தினாள். எனக்குக் கண் பாதி போய்விட்டது. காது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கிறது. மூக்கு ஒன்றுதான் இன்னும் ரிட்டையர் ஆகாமல் வேலை பார்க்கிறது. ஈர ரோமம், வைக்கோல், எங்கோ அடியில் புளித்த பால். "போ, போய்க் கையைக் கழுவு" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எந்த வாடைக்கும் முந்திக்கொண்டு வருவது மண்ணெண்ணெய் வாடை. அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் விளக்குக்காரர். சிக்னல் கைகாட்டி மரங்களின் மேல் ஏறி, விளக்கை இறக்கி, திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, எண்ணெய் ஊற்றித் திரும்ப ஏற்றி வைப்பது அவர் வேலை. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. அவர் உருட்டிக் கொடுக்கும் கேப்பைக் களியிலும் இருக்கும். அதில் எனக்குப் பெருமைதான். "எங்கப்பா விளக்கு வெக்கலன்னா எந்த ரயிலும் வராது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிவேன். அந்தக் காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் ஒரு மாதம் மட்டும் அந்த வீட்டில் மண்ணெண்ணெயை மீறி மல்லிகைப்பூ வாடை அடித்தது. எனக்கு ஒன்பது வயது. அம்மா பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். ஒரு ஆண் குழந்தையைப் பெற்றாள். பதினெட்டாம் நாள் ஜன்னியில் அவனைப் பறிகொடுத்துவிட்டு, பாசஞ்சர் ரயிலில் வெறுங்கையோடு வந்து இறங்கினாள். அவனுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. குழந்தை போனது பாலுக்குத் தெரியவில்லை, அது சுரந்துகொண்டே இருந்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். சாயங்காலம் அவிழ்த்துப் போடும்போது பூ வெந்ததுபோல் பழுப்பாகிக் கிடக்கும். பின்னாளில் யாராவது மல்லிகைச் சரத்தை நீட்டினால் நான் கனகாம்பரம் இல்லையா என்று கேட்பேன். வேலை பார்த்த பள்ளியில் எனக்குக் கனகாம்பர டீச்சர் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்த அம்மா பேசுவதில்லை. சமைப்பாள், கொடுப்பாள், தான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்புவாள், ஆனால் யாரையோ எதிர்பார்த்துத் திரும்பியவள்போல, என்னைக் கண்டதும் அந்த முகம் அணைந்துவிடும். அப்போது எனக்கு அவளிடம் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மிருகக் கம்பெனி வந்தது. நாலைந்து கூட்ஸ் பெட்டிகளில் கூண்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கம்பெனி. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த திடலில் தட்டி கட்டி இறங்கினார்கள். இப்போதைய மிருகக்காட்சிச் சாலைபோல விலகி நின்று பார்க்கிற கதையெல்லாம் அங்கே இல்லை. யானை தும்பிக்கையைத் தலையில் வைக்கும். மலைப்பாம்பை மாலைபோலக் கழுத்தில் போடுவார்கள். கிழட்டுச் சிங்கம் ஒன்று கம்பிக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். ஒருவன் அதன் வாலை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்வான், பயந்த சுபாவமுள்ள பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுபோய்த் தொடவைப்பார்கள். நானும் தொட்டேன். தேங்காய் நார்போல இருந்தது. எனக்குப் பயம் போனதாகத் தெரியவில்லை. சிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குக் கம்பெனி ஆட்களைத் தெரியும். பெட்டிகளை இறக்கும்போது யார்டில் கூட நின்றவர். "இந்தா, பொடவ மாத்திக்கினு கெளம்பு. புள்ள ஆசப்படுது" என்று அம்மாவிடம் சொன்னார். நான் ஆசைப்படுவதாக அவரிடம் சொன்னதே இல்லை. அவளை எப்படியாவது அந்தச் சுவருக்கு முன்னாலிருந்து கிளப்ப வேண்டும் என்று அவர் கண்டுபிடித்த சாக்கு அது. அம்மா எங்கள் பின்னால் நடந்து வந்தாள்.

யானையையும் பாம்பையும் சிங்கத்தையும் அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. கடைசிக் கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராஜம்மா என்று பெயர், கரடிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் மடியில் ஒரு கரடிக்குட்டி. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மார்பில் வெள்ளையாக ஒரு வளைவு. இடது காது நுனியில் எலி கடித்த வடு. வருகிறவர்கள் மடியில் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக் காட்டுவது வழக்கம்.

"தாய்க்காரி பெட்டியிலயே ஈன்னுட்டுச் செத்துப்போச்சு. ஆட்டுப்பால் குடுத்தா கழிச்சல் புடிக்குது. இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே, அம்மாவின் மடியில் அதை வைத்தாள்.

குட்டி முதலில் அசையவில்லை. பிறகு மூக்கைத் தூக்கியது. நகங்களைப் புடவையில் மாட்டி மாட்டி மேலே ஏறி, அம்மாவின் மார்பில் முகத்தை அழுத்தி, குழந்தை சிணுங்குவதுபோல ஒரு சத்தம் போட்டது. அம்மாவின் ரவிக்கை நனைந்ததை நான் பார்த்தேன். ராஜம்மாவும் பார்த்தாள்.

"எத்தினி நாளாச்சும்மா?" என்று கேட்டாள்.

"பதினெட்டு நாள் இருந்தான்" என்றாள் அம்மா. ஊரிலிருந்து வந்த பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

ராஜம்மா எழுந்து போய், குட்டிக்குப் பால் புகட்டுகிற பித்தளைச் சங்கைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, எதிரே இருந்த ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டுக்கு இந்தப் பக்கம் அம்மா சங்கில் பாலைப் பீய்ச்சி, குட்டியின் வாயில் சாய்த்தாள். அது குடித்தது. குடித்து முடித்ததும் தன் முன்னங்காலைச் சப்பிக்கொண்டு, தேனீக்கூட்டில் காது வைத்ததுபோல ஒரு ரீங்காரம் போட்டது. வயிறு நிறைந்த கரடிக்குட்டிகள் அப்படித்தான் செய்யும் என்று ராஜம்மா சொன்னாள். அம்மா குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில், அம்மா திடலுக்குப் போனாள். மல்லிகைக் கட்டு நின்றது. தலை வாரினாள், சாப்பிட்டாள். ஒருநாள் எனக்குச் சடை பின்னிக்கொண்டே, "தம்பிக்கு நகம் நீளமாயிட்டுது, ராஜம்மா கிட்ட வெட்டச் சொல்லணும்" என்றாள். தம்பி என்ற வார்த்தையை இறந்துபோன குழந்தைக்கு அவள் ஒருதரம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் அதைக் கேட்டார். கேட்டுவிட்டுத் திரிக் கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் சரோஜா என்று ஒரு பெண். பெரிய வகுப்பு மாணவிகளின் பாண்டி ஆட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பது அவள் கையில் இருந்தது. என்னைச் சேர்க்கவில்லை. அவர்கள் மிருகக் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி யானையைத் தொட்டாளாம், ஒருத்தி பாம்பைத் தொட்டாளாம். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மா கரடிக்குட்டிக்குத் தாய்ப்பால் குடுக்குது தெரியுமா?" என்றேன். ஆட்டம் நின்றது. சரோஜா என்னைக் கிட்டே கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். அன்றைக்கு என்னை ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டாள்.

ரயில்வே குடியிருப்புக்குப் பொதுவாக ஒரே குழாய். மறுநாள் காலையில் அம்மா குடத்தை வைத்ததும் முன்னால் இருந்த குடங்கள் விலகின. அவள் காதில் விழட்டும் என்றே ஒருத்தி சொன்னாள்: "மிருகம் குடிச்ச மாரு. இனிமே புள்ளை பொறந்தா எதக் குடுப்பா?" அம்மா தண்ணீர் பிடிக்காமல் திரும்பி வந்தாள்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை.

"இனிமே அங்க போவாத."

"ஏன்?"

"யார்டுல என்னப் பாத்து உறுமிக் காட்டறானுங்க. ஒரே பேஜாராப் போச்சு."

"நமக்கும் ராஜம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். யாரு போய்ச் சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? ஊரே சொல்லுது."

நான் களியைக் குழம்பில் கரைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அம்மா போகவில்லை. மார்பு கல்லாகி, காய்ச்சல் கண்டது. மறுபடி பூ வாங்கிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், அப்பா வேலையில் இருந்தபோது, அவள் கட்டை அவிழ்த்தாள். "வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். திடலில் கம்பெனி இல்லை. முளைக்கம்பு பிடுங்கிய குழிகள், வைக்கோல், யானை லத்தி, அடுப்புச் சாம்பல். காலையிலேயே வண்டியேற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று லத்தி வாரிக்கொண்டிருந்தவன் சொன்னான். அம்மா கடைசிக் கூண்டு இருந்த இடத்தைத் தேடி, அங்கே நின்றாள். வெயில் சாயும்வரை நின்றாள். நான் இழுத்தபோது வந்தாள்.

அவளுக்கு அப்புறம் குழந்தை பிறக்கவில்லை. குழாயடியில் அதற்கும் ஒரு காரணம் சொன்னார்கள்.

யுத்தத்தின் நடுவில் அப்பாவைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் பயிற்சி முடித்து அங்கேயே ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் கரடிக்காரர்கள் வருவார்கள். மூக்கில் கயிறு கோத்து, பல் பிடுங்கி, கோலுக்கு ஆடுகிற கரடி. மந்திரிப்பதற்கும் தாயத்துக்கும் அதன் முடியை விற்பார்கள். எந்தக் கரடி தெருவுக்குள் வந்தாலும் அம்மா இறங்கிப் போய்விடுவாள். அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்திலும் ஒரு முறம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அதற்கென்று எடுத்து வைத்திருப்பாள். முதலில் இடது காதைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு உள்ளங்கையைக் கொடுப்பாள். சில கரடிகள் சப்பும். அவள் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பாள். தெருப்பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர்களில் பாதிப்பேர் என் வகுப்பு. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொள்வேன்.

கரடிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருமுறை வந்தவன் அவள் கேட்பதற்கு முன்பே, "இது மிருகக் கம்பெனில வாங்குனதும்மா. விழுப்புரத்துல பால் குடிச்சி வளந்ததாம்" என்றான். அதன் இரண்டு காதுகளும் முழுசாக இருந்தன. அம்மா உள்ளே வந்து, பானையில் இருந்த கேப்பை மாவை வழித்துக் கொண்டுபோய் அவன் சாக்கில் கொட்டினாள்.

"அவன் பொய் சொல்றாம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? அவன் பொய் சொல்லி முடிக்கிற வரிக்கும் அது உசுரோட இருக்குதில்ல."

யுத்தம் முடிந்து சில வருஷத்தில் அம்மா போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பகலில், அப்பா கிடங்கல் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"கம்பெனி வண்டியேத்தின அன்னிக்கி நான் யார்டுலதான் இருந்தேன். ராஜம்மா என்னப் பாத்துட்டு ஓடியாந்தா. 'ரெண்டு நாளா எதும் குடிக்கல. ஒரு வாட்டி அம்மாவ ஜல்தியா இட்டுக்கினு வாங்க, வண்டி கெளம்ப நேரம் கெடக்குது'ன்னா. வீடு கூப்புடற தூரந்தான். நான் எண்ண டின்னத் தூக்கிக்கினு அந்தாண்ட போயிட்டேன்."

"குட்டி?"

"துணியில சுத்தி வெச்சிக்கினு நின்னா. அசஞ்சிதா இல்லியான்னு நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னுதான் போனேன்." மோரைக் கீழே வைத்தார். "அன்னிக்கி எவளோ போய்ச் சொல்லாம இருந்திருந்தா நானும் தடுத்திருக்க மாட்டேன். யாரு சொன்னதுன்னு இன்னி வரிக்கும் தெரியல. உனக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மோரை எடுத்துக் குடித்தார்.

இப்போது கைகாட்டி விளக்குகளுக்கு எண்ணெய் வேண்டாம், விளக்குக்காரர் என்ற உத்தியோகமே இல்லை. திடலில் வீடுகள் வந்துவிட்டன. கரடிக்காரர்களைப் பார்த்தும் வெகு காலம் ஆயிற்று; சட்டம் போட்டு நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள், நல்ல காரியம்தான். அப்பா போனார். போன வருஷம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, யார் சொன்னது என்று தெரிந்த சரோஜாவாவது இருப்பாள் என்று விசாரித்தேன். எட்டு வருஷத்துக்கு முன்பே போய்விட்டாளாம். அவள் மகள் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, "அம்மா கூடப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். "ஒரு நாள் மட்டும் சேர்ந்து பாண்டி ஆடியிருக்கோம்" என்றேன்.