லொறி போட்ட வெடி

கண்டிக்குக் காய்கறி ஏற்றும் என் சின்ன பெற்றோல் லொறி ஏற்றத்தில் திக்கியது. நோன்பு மாதப் பின்னேரம் ஒன்றில், முதன்முதலாக நானே ஸ்பார்க் பிளக் மாற்றினேன். உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நான்கு வயர்களையும் ஒன்றாகக் கழற்றியதுதான் பிழை. எது எதற்கென்று தெரியாமல் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சைலன்சர் ‘டமார்’ என்றது.

நோன்பு துறக்கும் நேரம் வந்ததும் எங்கள் பள்ளிவாசலில் வெடி போடுவார்கள். அண்ணன் முறையான பக்கத்து வீட்டு நானா பேரீச்சம்பழத்தை வாய்வரை கொண்டுபோய்விட்டார்.

“தின்னாதீங்க நானா! அது என்ட லொறி!” என்று அலறினேன்.

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பழத்தோடு வந்து, வயர்களை மாற்றி மாட்டியதை நான் சொன்னதும் எஞ்சினை எட்டிப் பார்த்தார். “வயரை மாத்தினா இப்பிடியா வெடிக்கும்? காட்டுங்க பாப்பம்.”

வயர்களின் நீளத்தை ஒப்பிட்டு ஒவ்வொன்றாக மாட்டினோம். எஞ்சின் சீராக ஓடியபோது இருட்டியிருந்தது. பழம் இன்னும் நானாவின் கையில்தான் இருந்தது. உண்மையான வெடி எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை.