கனம் தூக்கக் கூடாது

கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஐந்து வருடம் நான் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. காய்கறிப் பை, பரீட்சைத் தாள் கட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை எதையும் தூக்கவில்லை. தூக்கினால் உள்ளே தைத்த இடம் பிரிந்து குடல் கீழே இறங்கிவிடும் என்று அக்கா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதிலும் இந்த விஷயத்தில் அவள் அனுபவசாலி. எனக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே அதே ஆபரேஷன் செய்துகொண்டவள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஆயுசுக்கும் கனம் தூக்காதடி. தூக்குன, அவ்ளோதான்" என்றாள். டாக்டரம்மாவும் என்னவோ சொன்னார். மயக்கம் முழுதாகத் தெளியாத காதில் அக்காவின் குரல்தான் ஏறியது.

நான் ஓமந்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குடியிருப்பது திண்டிவனத்தில். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை என் சாப்பாட்டுப் பையை வீட்டுக்காரர்தான் தூக்கிவருவார். மகாராணி வாழ்க்கை என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். நல்ல மகாராணி! தும்மல் வந்தால் இரண்டு கையாலும் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். இருமினால் பயம். பஸ் பள்ளத்தில் இறங்கினால் பயம். தூக்காமல் இருந்தால் பயம் குறையும் என்றுதான் நினைத்தேன். அதுவோ வருடத்துக்கு வருடம் வளர்ந்தது, உடம்புதான் தேய்ந்தது.

ஒருநாள் இன்டர்வெல்லில் பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. தொடை இரண்டும் நடுங்கின. சுவரைப் பிடித்தேன், வழுக்கியது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து எம்பினேன், குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது, பெல் அடிக்கிறது, வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம். கத்தினால் கதவை உடைத்துக்கொண்டு யாராவது வருவார்கள். என்னை அந்தக் கோலத்தில் பார்ப்பார்கள். கத்தாவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். நாற்பத்தைந்து வயதில் நம்மை எழுப்பிவிட ஆள் வேண்டுமா? கடைசியில் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி, சுவரோடு சுவராகத் தேய்ந்து எழுந்தேன். அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து எழுவதற்கும் பயமாக இருந்தது.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடமே போய் அழுதேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"நான் மூணு மாசம்னுதானேம்மா சொன்னேன்? ஆயுசுக்கும்னா எடுத்துக்கிட்டீங்க? தையல் ஆறி வருஷக்கணக்காச்சு. இப்ப உங்களுக்குப் பலம்தான் இல்ல. சொல்லிக் குடுக்கறவங்ககிட்டப் போயி, கொஞ்சம் கொஞ்சமா எடை தூக்கிப் பழகுங்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. என்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த பயத்தை அவர் ஒரு நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டார். இனி எதை நம்பி நடமாடுவது?

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் ஜிம். சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என்னிடம் படித்துவிட்டுப் போனவர்கள் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பில் என்னை ஆன்ட்டி என்றாள். சகித்துக்கொண்டேன். சுடிதாருக்கு மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தரையில் கிடந்த இரும்புக் கம்பியைப் பார்த்தேன். எடை எதுவும் மாட்டாத வெறும் கம்பி. அதற்கே வேர்த்தது.

"மூச்ச புடிச்சிக்கினு தூக்காதீங்க ஆன்ட்டி. வுட்டுக்கினே தூக்குங்க. ஒண்ணும் ஆவாது."

"ஆயிட்டா என்னாம்மா பண்றது?"

"நான் இருக்கேன்ல?"

தூக்கினேன். முழங்கால் உயரத்துக்குக்கூட வந்திருக்காது. கீழே வைத்துவிட்டு நேராகப் பாத்ரூமுக்கு ஓடினேன். ஏதாவது இறங்கிவிட்டதா, ரத்தம் கித்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி தூக்கினேன், மறுபடி ஓடினேன். முதல் மாதம் முழுக்க இதே கூத்து. என்னைப் பார்த்து மற்ற பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி ஓரமாக வந்து, "எனக்கும் எடுத்துட்டாங்க டீச்சர். நீங்க தூக்குறத பாத்துட்டுத்தான் நான் தூக்கலாம்னு இருக்கேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் இரண்டு பங்கானது. எனக்கு ஏதாவது ஆனால் இவளும் கெட்டாள்.

மாதங்கள் போயின. கம்பியில் எடை ஏறியது. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஒவ்வொரு முறை குனியும்போதும் அடிவயிறு ஒரு தரம் சில்லிடும். முன்பெல்லாம் பயந்தால் உட்கார்ந்துவிடுவேன். இப்போது பயந்துகொண்டே தூக்குகிறேன். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு என்று சொன்ன அன்றுகூடப் பயந்துகொண்டே எல்லா டெஸ்டுக்கும் நானே அலைந்தேன். பழைய ஆளாக இருந்தால் என்னை முதலில் அட்மிட் செய்திருப்பார்கள்.

அக்காவிடம் மட்டும் ஜிம் பற்றி மூச்சு விடவில்லை. அவளுக்கு வல்லம் பக்கம் சொந்த நிலம், வீடு. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக வந்தவள் எங்கள் வீட்டில் தங்கினாள். காலையில் தண்ணீர்க் கேன் வந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து, மூச்சை விட்டு, கேனைத் தூக்கி மேடைமேல் வைக்கப் போனேன்.

"அய்யோ! கீழ வைடி! கீழ வைடி பாவி!"

ஓடிவந்து என் வயிற்றைப் பிடித்தாள். கேனை வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். முதல்நாள் அந்தக் கம்பியைத் தொட எவ்வளவு பயந்தேனோ, அதைவிட அதிகமாக இதைச் சொல்லப் பயந்தேன்.

"டாக்டரு மூணு மாசம்தான்னு சொல்லியிருக்காங்கக்கா. அதுக்கப்புறம் தூக்கலாமாம்."

"எனக்குமா?"

"எல்லாருக்குந்தான்க்கா."

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் பண்ணப்ப எங்க சின்னவனுக்கு ஒண்ணர வயசுடி. முன்னாடி வந்து நின்னுக்கினு ரெண்டு கையையும் தூக்குவான், தூக்கிக்கோன்னு. நான் கீழ குந்திக்கினு, வா, மடியில வான்னு கூப்புடுவேன். மாட்டேன்னு அழுவான். எங்க மாமியா தூக்கிக்கினு போயிடும். அப்பால கேக்குறதயே வுட்டுட்டான்."

உனக்குச் செய்தது வேறு மாதிரி ஆபரேஷன் என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"யாருக்கா உனக்கு ஆயுசுக்கும்னு சொன்னது?"

"எல்லாருந்தான் சொன்னாங்க" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "சின்னவங்கிட்ட மட்டும் சொல்லிடாதடி. அம்மாவால முடியாமத்தான் தூக்கலன்னு நெனச்சிக்கினு இருக்கான். அப்பிடியே இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சின்னவன் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான், கிடைத்ததையெல்லாம் படிப்பான். அதனால்தான் இதில் ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை.