கடலில் நின்ற டென்மார்க்

மரக்காணம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு ஓட்டல் வந்திருக்கிறது. வாசலில் வரிசையாகக் கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு நாட்டுக் கொடி. இளநீர் குடிக்க வண்டியை நிறுத்தியவன் சும்மா இருக்க மாட்டாமல், சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடியைக் காட்டி, "அது ஆரோக்கியம் வீட்டு வலை" என்றேன். காவலாளி கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டென்மார்க்கு சார். உள்ள போறீங்களா, இங்கயே நிக்கிறீங்களா?"

அங்கேயே நின்றேன். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. அதற்கென்று ஒரு வாடை உண்டு. ஈரச் சுவர், துருப்பிடித்த ஆணி, நனைந்த சாக்பீஸ் மூன்றையும் சேர்த்துக் குழைத்த மாதிரி. எழுபதுகளில் நான் அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் வாத்தியார் வேலை பார்த்தேன். மீனவக் குப்பத்தில் மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடம். வேலை தற்காலிகம். நிரந்தரம் ஆகுமா என்று வீட்டில் தினமும் கேட்டார்கள். ஆகாமல் போனால் மாமாவின் உப்பளத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்க வேண்டும். மாமாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் பயங்கரம் புரியும்.

தலைமையாசிரியை ஒரு கன்னிகாஸ்திரீ. ஆண்டு விழாவுக்கு, "உலக சமாதானம்னு ஒரு ஐட்டம் வைங்க சார்" என்றார். நான் அட்லஸின் கடைசிப் பக்கத்திலிருந்த நாட்டுக் கொடிகளைப் பார்த்துத் துணியில் வரைந்து கொடுத்தேன், தையல்காரர் வெட்டி ஒட்டித் தைத்தார். விழாவன்று பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டைப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார்கள். நார்வே பாதியில் ஒன்றுக்குப் போய்விட்டது. மற்றபடி சமாதானம் நன்றாகவே நடந்தது.

அதன்பின் உலகம் முழுவதும் அலமாரியில் கிடந்தது, கரப்பான் குடியேறியது. "யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றார் சிஸ்டர். அந்த நேரத்தில்தான் மீன் கூடையோடு ஆரோக்கியம் வந்தாள். வாயும் கையும் ஒன்றாக ஓடுகிற பெண்பிள்ளை. துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல பாப்ளினு சார். எங்க வலைக்குக் குடேன்."

வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்தால், அது கிடக்கும் இடம் தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு மிதவை, மிதவையில் செருகிய மூங்கில் கழி, கழி நுனியில் ஒரு துணி. வீட்டுக்கு ஒரு துணி, அதைப் பார்த்துத்தான் அவரவர் வலையை எடுப்பார்கள். அதுவரை பழைய பாவாடையும் லுங்கியும் பறந்த இடம்.

ஆரோக்கியம் டென்மார்க்கை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் குப்பமே வாசலில் நின்றது. ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து, ஸ்விட்சர்லாந்து, எதிலெல்லாம் சிலுவை இருந்ததோ அதற்கெல்லாம் அடிதடி. அவை பனி பெய்கிற தேசங்கள் என்று நான் பாடம் நடத்தப் பார்த்தேன்.

"பனி பேஞ்சா இன்னா சார், சிலுவ சிலுவதானே?" என்றார்கள்.

ஜப்பான் தூரத்துக்குத் தெரியும் என்று உடனே போயிற்று. கனடாவை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடல்ல எலைக்கு இன்னா வேல?" என்று வைத்துவிட்டார், அப்புறம் வேறு கிடைக்காமல் அதையே எடுத்துக்கொண்டார். கடைசியாக வந்தவர் சூசை. அதிகம் பேசாத மனிதர். மிச்சமிருந்தது பச்சையில் வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும் போட்ட ஒன்றுதான்.

"பச்ச தண்ணியோட தண்ணியாப் பூடுமே சார்."

"வேற இல்லியே."

எடுத்துக்கொண்டு போனார். அந்த நாட்டோடு சண்டை முடிந்து சில வருடம்தான் ஆகியிருந்தது என்பது சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை. குப்பத்துக்குக் கொடி என்றால் மாதா கோயில் திருவிழாக் கொடி ஒன்றுதான். அது ஏறி விரியும்போது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து அந்த வருடம் மீன் எப்படிப் படும் என்று சொல்வார்கள். நம் தேசியக் கொடி சிஸ்டரின் பீரோவில் பூட்டிக் கிடக்கும், வருடத்துக்கு இரண்டு நாள் வெளியே வரும். மற்றதெல்லாம் துணி.

அது எமர்ஜென்சி காலம். டீக்கடையில் தினத்தந்தியை ஊன்றிப் படித்தாலே பக்கத்து பெஞ்சுக்காரர் தள்ளி உட்கார்ந்தார். இது போதாதென்று கடற்கரை முழுக்கக் கள்ளக் கடத்தல் பேச்சு. என்னைப் போல எதையெடுத்தாலும் கேலி பேசிப் பேர் வாங்கியவர்களுக்குக் கெட்ட காலம். ஒருநாள் மூன்றாம் வகுப்பில் பெருக்கல் நடந்துகொண்டிருந்தபோது ஆரோக்கியம் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"சார், கரையில ஜீப்பு வந்துக்குது. கடல்ல இன்னா கொடிங்கன்னு கேக்கறாங்கோ."

பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டுப் பின்சுவர் ஏறிக் குதித்தேன். வாசல் திறந்துதான் இருந்தது. முதலில் கைவிலங்கு கண்ணில் தெரிந்தது, அடுத்து மாமா தெரிந்தார், கடைசியாகத்தான் அந்தப் பச்சைத் துணி. ஜீப் நின்றது கரையின் வடகோடியில். தென்கோடியில் சூசை கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கொடிய அவுத்துடணும். இப்பவே."

"இன்னா சார், இப்புடி ஓடியார?"

"அது பாகிஸ்தான் கொடி அண்ணே!"

சூசை வெற்றிலையைத் துப்பினார். "அத்த நீதானே சார் குடுத்த?"

கேட்டுவிட்டுக் கட்டுமரத்தைக் கடலில் தள்ளினார். நான் நடுவில் குப்புறப் படுத்துக்கொண்டேன். உட்காரலாம் என்றார், மாட்டேன் என்றேன். காலையில் தின்ற இட்லியை வழியில் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். கழியருகே போய்த் துணியைப் பிடித்து இழுத்தபோது சூசை என் கையைப் பிடித்தார்.

"நிறுத்து சார். மொட்டக் கழியப் பாத்து எவன் வலைன்னு தெரியும்? என் வலை போச்சுன்னா என் வூடு போச்சு. வேற துணி குடு, அவுத்துக்கோ."

நடுக்கடலில் வேறு துணிக்கு எங்கே போவது? பனியன் போக, போட்டிருந்தது இரண்டு. வேட்டிக்கும் சட்டைக்கும் நடுவே வெகுநேரம் யோசித்த மாதிரி ஞாபகம். நீலக் கட்டம் போட்ட சட்டை, பொங்கலுக்கு எடுத்தது. கழற்றிக் கொடுத்தேன், சூசை சட்டையின் ஒரு கையையும் ஓரத்தையும் கழியில் இறுக்கி முடிந்தார். காற்று புகுந்ததும் சட்டை என்னைவிட நிமிர்ந்து நின்றது. பச்சைக் கொடியைச் சுருட்டிப் பனியனுக்குள் திணித்துக்கொண்டேன்.

கரையில், ஜீப்பில் வந்த அதிகாரி கையில் பைனாகுலரோடு காத்திருந்தார். நான் சட்டையைக் கழற்றியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம். என் பனியன் நனைந்து, வயிற்றில் பிறையும் நட்சத்திரமும் தெளிவாகத் தெரிந்தன. ஒரே மூச்சில் ஆண்டு விழா, அட்லஸ், தையல்காரர், கரப்பான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். மாமாவைக்கூடச் சொன்ன ஞாபகம்.

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் கவனித்தேன், மனிதர் என்னைவிட அதிகமாக வியர்த்திருந்தார்.

"மரக்காணம் கடல்ல ஏழெட்டு நாட்டுக் கொடி நிக்குதுன்னு மேல ரிப்போர்ட்டு போயிடுச்சு வாத்தியாரே. காலையிலேர்ந்து மூணு தடவ கூப்ட்டுட்டாங்க. நான் என்னான்னு எழுதறது?"

ஆரோக்கியம் கூடையை இறக்கி வைத்தாள். "வலை கெடக்குதுன்னு எழுதுய்யா. அதோ, அந்தச் செவப்பு எங்க வூட்டுது. மஞ்ச சிலுவ என் கொழுந்தனுது. பொட்டு வச்சது மேட்டு வூட்டுக்காரருது."

அதிகாரி பைனாகுலரைத் திருப்பினார். "அந்த நீலக் கட்டம்? கை வச்சி ஆடுதே, அது எந்த நாடு?"

"அது நம்ம நாடுதாய்யா. வாத்தியார் சட்ட."

மீன்பிடி வலைகள், வேறொன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார். பச்சைக் கொடியை அலமாரியிலேயே வைத்துப் பூட்டச் சொன்னார். ஜீப் கிளம்பும்போது என் தோளைத் தட்டினார். அது எனக்குச் சொன்ன ஆறுதலா, அவருக்கே சொல்லிக்கொண்டதா, தெரியாது. பள்ளிக்குத் திரும்பியபோது வாய்ப்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் என் பனியனைப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சட்டை போட்டுட்டு வாங்க சார்" என்றதோடு சரி. அடுத்த ஜூனில் வேலை நிரந்தரமானது. சட்டையைக் கேட்டுப் போனால் சூசை, "மீனு நல்லாப் படுது சார், கேக்காத" என்றுவிட்டார்.

பல வருடம் கழித்து, நான் மாற்றலாகிப் போன பிறகு, சூசை இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. போனேன். பெரிய மனிதர்கள் செத்தால் சர்க்கார் கட்டடங்களில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவார்கள். குப்பத்தில் அரை என்பதெல்லாம் கிடையாது. சாவு என்றால் எல்லா வீட்டு வலையும் கழியோடு, துணியோடு கரைக்கு வந்துவிடும். மணலில் நின்று கடலைப் பார்த்தேன். ஒரு துணிகூட இல்லை.

இப்போது வலைக்கு பிளாஸ்டிக் கேன் கட்டுகிறார்கள். இடத்தை ஜி.பி.எஸ். காட்டிவிடுகிறதாம். நல்லதுதான், வலை தொலைவதில்லை. இளநீர் முடித்துவிட்டு ஓட்டலுக்குப் பின்னால் நடந்து போய்க் கடலைப் பார்த்தேன். ஏகப்பட்ட வலை கிடக்கிறது என்றார்கள். எனக்கு அது சூசை செத்த நாளின் கடல் மாதிரியே இருந்தது.